குறுக்குக் கம்பி

கருவியொன்றை வாங்குமுன் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். சோதிக்கும்போது பிழை தென்பட்டால் அது கருவியின் பிழையா, காண்பவரின் பிழையா எனப் பிரித்தறியும் பழக்கம் மட்டும் எளிதில் வருவதில்லை. கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணவர்களுக்கு நான் கற்பிக்க முயன்றதன் பெரும்பகுதி இதுவே. நிறமாலைமானியின் தொலைநோக்கியைச் சன்னல் வழியே தூரத்து மரத்தை நோக்கித் திருப்பி, குறுக்குக் கம்பி தெளிவாகத் தெரியும்வரை கண்ணருகு லென்சை நகர்த்தச் சொல்வேன். பிறகு தலையைச் சற்றே அசைக்கச் சொல்வேன். மரமும் கம்பியும் ஒன்றைவிட்டொன்று விலகினால் இடமாறு தோற்றப்பிழை நீங்கவில்லை என்று பொருள். பெரும்பாலான மாணவர்கள் தலையை அசைக்காமலே "சரியாக இருக்கிறது ஐயா" என்பார்கள்.

இக்கட்டுரை ஒரு தொலைநோக்கியைப் பற்றியது. ஆனால் அது விண்மீன்களைக் காண்பதற்கன்று. ரைஃபிளின் முதுகில் ஏற்றப்படுவது. திங்கள்தோறும் இறைச் சிந்தனைகளைத் தேடி இவ்விதழைத் திறப்போர், இதற்கு இங்கென்ன வேலை என்று கேட்கலாம். என் மகளும் அப்படித்தான் கேட்டாள். "துப்பாக்கி சுடுகிற இடத்துக்கா போகிறீர்கள், அப்பா?" என்றாள். அவளுக்குச் சொன்ன பதில் அன்று எனக்கே நிறைவளிக்கவில்லை.

2018-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவ்வூர்ப் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் தருவார்கள். அங்கே என்னருகில் வந்து அமர்ந்தார் ஓர் ஆங்கிலேயப் பெரியவர். எழுபத்து நான்கு வயது. இரயில்வே சமிக்ஞைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். நான் இயற்பியல் ஆசிரியன் என்று கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்தது. புதிதாக ஒரு ஸ்கோப் தம் கைக்கு வந்திருப்பதாகவும், நாற்பது நாள்களுக்குள் வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்று கடைக்காரருக்குச் சொல்லவேண்டும் என்றும், ஒளியியல் தெரிந்த ஒருவர் அருகிலிருந்தால் நலம் என்றும் கூறினார். லென்சு என்ற சொல்லைக் கேட்டுவிட்டு மறுக்க என்னால் இயலவில்லை.

பிஸ்லி என்னும் சிற்றூர் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு அது ஏறத்தாழத் திருத்தலம். அந்நாட்டின் தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதற் போட்டியை 1860-இல் விம்பிள்டன் வெளியில் நடத்தியது. முதற் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசி. சுட்டவர் என்று சொன்னாலும், 400 கெசத்துக்கு அப்பாலிருந்த இலக்கை நோக்கி ரைஃபிளை இரும்புத் தாங்கியில் பிறர் முன்னரே பொருத்தி வைத்திருந்தார்கள். அரசியார் செய்ததெல்லாம் பட்டுக் கயிற்றை இழுத்ததுதான். குண்டு மையத்தை ஒட்டித் தைத்தது. (இத்தகைய வெற்றிகள் அரசர்களுக்கு மட்டும் வாய்ப்பதில்லை என்பதைப் பங்குப்பேரவைகளில் இருந்தவர்கள் அறிவார்கள்.) 1890-இல் போட்டிகள் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தன. இன்றும் ஆண்டுதோறும் சூலை மாதத்தில் அங்கு அரசரின் பரிசுக்கான போட்டி நடைபெறுகிறது. 1930-இல் மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி அதை வென்றார். ஆண்களை வென்று அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே.

அங்குள்ள நெடுந்தொலைவுத் திடலின் பெயர் ஸ்டிக்கிள்டவுன். அங்கு 1000 கெசத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டர் தொலைவில் இலக்குகள் நிற்கின்றன. அவற்றில் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவுடைய கரிய வட்டம் வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. முழுநிலவின் ஏழில் ஒரு பங்களவு கூட இராது. அக்கரிய வட்டத்தின் நடுவே 10 அங்குல வளையமும், அதற்குள் 5 அங்குல வளையமும் உண்டு. பெரியவர் பங்கேற்கும் பிரிவில் அந்த 5 அங்குல வளையமே குறி.

அப்பிரிவுக்கு 'எஃப் கிளாஸ்' என்று பெயர். கனடா நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்பவரின் பெயரின் முதலெழுத்தே அந்த 'எஃப்'. முதுமையால் கண்ணும் கையும் தளர்ந்தவர்கள், தோல்வாரில் ரைஃபிளைத் தாங்கி இரும்புக் குறியினூடே நோக்கும் பழைய முறையைக் கைவிட நேர்ந்தபோது, தாங்குகாலும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு தொடர்ந்து சுட வழிசெய்தவர் அவர். இன்று இளைஞர்களும் இதில் திரளாக இருக்கிறார்கள். ஆயினும், தோற்றத்தில் இது முதியோருக்கான சலுகை. முழந்தாள் மடக்க இயலாதவருக்குக் கோவிலில் நாற்காலி இடுவதைப் போன்றது. பெரியவரும் நாற்பதாண்டுகள் இரும்புக் குறியால் சுட்டுவிட்டு, கண் மங்கத் தொடங்கியபின் இதற்கு வந்தவர்தாம்.

இனி அந்தக் கருவி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து நைட்ஃபோர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. உருப்பெருக்கம் 15 முதல் 55 மடங்கு வரை மாற்றத்தக்கது. பொருளருகு லென்சின் விட்டம் 52 மில்லிமீட்டர். எடை 800 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ரைஃபிளின் மொத்த எடைக்கு விதியில் வரம்பிருப்பதால் அந்த எடையும் கணக்கில் வரும். மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒவ்வொரு 'கிளிக்' ஒலிக்கும் குறி ஒரு கலையின் எட்டில் ஒரு பங்கு நகரும். ஒரு பாகையின் அறுபதில் ஒன்று ஒரு கலை. 1000 கெசத் தொலைவில் அது பத்தரை அங்குலம். ஆகவே ஒரு கிளிக் என்பது அங்கே மூன்று செண்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டருக்கு அருகில் நிற்கும் பொருளின் மேல், விரல் நுனியின் ஒரு சிறு திருப்பத்தால் மூன்று செண்டிமீட்டர் நகர முடிகிறது என்று எண்ணியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எதற்காக இத்துணை நுட்பம் என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

அதைப் பெரியவரிடம் கேட்டேவிட்டேன். அவர் வருந்தவில்லை. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்டதையும், மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டங்களால் கைத்துப்பாக்கிகளை மக்கள் ஒப்படைக்க நேர்ந்ததையும் நினைவூட்டினார். "என்னிடமும் ஒன்று இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். நண்பர்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த ஆசிரியையின் நினைவு வந்தது, கொடுத்துவிட்டு வந்தேன்" என்றார். ரைஃபிளை மட்டும் ஏன் விடவில்லை என்றேன். "அதைப் பிடிக்கும்போது மட்டும் நான் வேறு எதையும் நினைப்பதில்லை. செபத்தில்கூட எனக்கு அது கைகூடியதில்லை" என்றார். இதை நான் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்றுவரை அந்நிலையிலேயே இருக்கிறேன்.

முதற் சோதனை 100 கெசத்தில் நடந்தது. உயர்ந்ததொரு பலகையில் தாளை ஒட்டி, தூக்குக்குண்டு நூலால் செங்குத்துக் கோடு வரைந்தோம். கோட்டின் அடியில் குறிவைத்துச் சிலமுறை சுட்டார். பின்பு மேல்திருகை 30 கலை உயர்த்தி, அதே அடிப்புள்ளியைக் குறிவைத்து மறுபடியும் சுட்டார். குண்டுகள் இப்போது 31.4 அங்குலம் மேலே, அதே கோட்டின் மேல் தைக்கவேண்டும். நாடாவைப் பிடித்து அளந்தவன் நான். அளவும் சரி, கோடும் சரி. நெடுந்தொலைவில் இது உயிர்நிலையான செய்தி. ஏனெனில் 1000 கெசம் போய்ச்சேர அத்தோட்டாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் அது பத்து மீட்டர் அளவுக்குக் கீழே தாழ்ந்துவிடும். அத்தாழ்வைத் திருகின் கணக்கால்தான் ஈடுசெய்ய வேண்டும். காற்றின் கணக்கு வேறு. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று அதை இரண்டு மீட்டருக்கு மேல் ஒதுக்கித் தள்ளும்.

மதிய உணவுக்கு அவர் கொண்டுவந்திருந்த ரொட்டித் துண்டுகளை உண்டபடி, நாங்கள் குறுக்குக் கம்பியின் கதையைப் பேசினோம். அக்கதை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கலிலேயோவின் தொலைநோக்கியில் கண்ணருகே இருந்தது குழிலென்சு; அதனுள் குறி வைக்க இடமில்லை. 1611-இல் கெப்ளர், இரண்டு குவிலென்சுகளால் ஆன அமைப்பை விளக்கினார். அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். ஆனால் குழாய்க்குள்ளேயே ஒரு தளத்தில் உண்மையான பிம்பம் விழும். இயேசு சபைக் குருவான கிறிஸ்டோஃப் ஷைனர் கதிரவனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்தது அத்தகைய குழாயைக் கொண்டுதான். பிம்பம் விழும் தளத்தில் ஒரு பொருளை வைத்தால் அதுவும் காட்சியோடு சேர்ந்து கூர்மையாகத் தெரியும் என்பதை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் வடபகுதியில் லீட்சு நகருக்கருகே வாழ்ந்த வில்லியம் கேஸ்காயின் என்னும் இளைஞர். 1630-களின் இறுதியில், கதிரவனைக் குறித்த சோதனைகளில் இருந்தபோது, திறந்து கிடந்த அவருடைய குழாய்க்குள் சிலந்தியொன்று இழையோட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த இழை தற்செயலாகக் குவியத்தளத்தில் அமைந்தது. அனைத்தையும் நடத்துகிறவரின் விருப்பப்படியே அது நிகழ்ந்ததாக அவர் தம் நண்பருக்கு எழுதினார். அவர் வேண்டியதெல்லாம் கோள்களின் அகலத்தையும் விண்மீன்களின் இடைவெளியையும் அளப்பதுதான். 1644-இல் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர்க் களத்தில், மன்னர் தரப்பில் நின்று அவர் மாண்டார்.

அவருடைய தாள்களைச் சேர்த்துக் காத்தது டவுன்லி என்ற கத்தோலிக்கக் குடும்பம். மறையைக் கைவிட மறுத்ததற்காக அபராதமும் ஒடுக்கமும் தலைமுறைகளாகத் தாங்கிய குடும்பம் அது. அக்குடும்பத்து ரிச்சர்ட் டவுன்லிதான் 1667-இல் அக்கருவியின் செய்தியை அரச கழகத்தின் வழியாக உலகறியச் செய்தார். விண்ணை அளக்கப் பிறந்த இழை பின்னாளில் நில அளவையருக்கும், அதன்பின் படைவீரருக்கும் போயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் குறிநோக்கிகளில் சிலந்தி இழையே பயன்பட்டதுண்டு. இப்போது கண்ணாடியில் பொறித்துவிடுகிறார்கள். கேஸ்காயின் எதை நினைத்து அந்த இழையைக் கொண்டாடினார், அது எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்பதைக் கேட்டபின், பெரியவர் நெடுநேரம் ரொட்டியைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

பிற்பகலில் 1000 கெசக் கோட்டுக்குப் போனோம். ரைஃபிளின் பின்பூட்டைக் கழற்றிக் கையில் தந்துவிட்டு, "இனி இது வெறும் குழாய். படுத்துப் பாருங்கள்" என்றார். பாயில் குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தேன்.

15 மடங்கில் எல்லாம் அழகாக இருந்தது. பசுமையான மேடு, வரிசையாக இலக்குகள், எண் பலகைகள், சிவப்புக் கொடிகள். 55 மடங்குக்கு வளையத்தைத் திருப்பியதும் அந்த அழகு போயிற்று. கணக்குப்படி இலக்கு இப்போது பதினேழு மீட்டரில் நிற்பதுபோல் தெரியவேண்டும். தெரிந்தது உண்மை, ஆனால் நிற்கவில்லை. கொதிக்கும் நீருக்கடியில் கிடக்கும் காசைப்போல் அந்தக் கரிய வட்டம் நெளிந்தது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றின் அலை அது. லென்சு பொருளை மட்டும் தேர்ந்து பெருக்குவதில்லை. இடையிலுள்ள காற்றின் கலக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்குகிறது. அனுபவமுள்ளோர் அந்நெளிவு சாயும் திசையைக்கொண்டே காற்றை அறிகிறார்கள் என்றும், கலக்கம் மிகும்போது உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றும் பெரியவர் சொன்னார். 55 மடங்குக்கு விலை கொடுத்துவிட்டு 30-இல் வைத்துச் சுடுவார்களாம்.

அடுத்ததாக, குறுக்குக் கம்பி மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. சீராக, இடைவிடாமல். தாங்குகாலும் மணற்பையும் தாங்கிய ரைஃபிள் ஏன் துள்ளுகிறது என்று வியந்து, பின் உணர்ந்தேன்: அது என் நாடித்துடிப்பு. கன்னம் தொட்ட இடத்தின் வழியே என் இதயம் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்த வட்டத்தைக் கடந்து கடந்து மீண்டது.

மூன்றாவதாகக் கண்டதை நான் எதிர்பார்த்திருந்தேன். ஆயினும் கண்டபோது சிரிப்பு வந்தது. கண்ணருகு லென்சிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம், பொருளருகு லென்சின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 52-ஐ 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்தனை மெல்லிய கற்றை விழிக்குள் நுழையும்போது, விழிக்குள் மிதக்கும் துகள்களெல்லாம் நிழலாகத் தெரியத் தொடங்கும். அறுபதைக் கடந்த என் கண்ணில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. நூல்களும் புழுக்களுமாக இலக்கின்மேல் நீந்தின. துரும்பையும் மரக்கட்டையையும் பற்றி மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். என் கண்ணிலுள்ளதை நேராகப் பார்த்தது அன்றுதான். பெரியவரிடம் சொன்னேன். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு உரக்கச் சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

சற்றுப் பொறுத்து, "கிடைக்கம்பியைப் பாருங்கள். நேராக இருக்கிறதா?" என்றார்.

பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. சொன்னேன்.

"மையத்துக்கு இடப்பக்கம் சற்றே தொய்ந்திருக்கவில்லையா? காலையிலிருந்தே பார்க்கிறேன். பொறிப்பதில் பிழை நேர்ந்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் கடையில் மாற்றித் தருவார்கள்."

அப்போதுதான் அவர் என்னை ஏன் அழைத்தார் என்பது விளங்கிற்று. அவர் குரலில் இருந்த நம்பிக்கை என்னை வருத்தியது. பிழை கண்ணாடியில்தான் என்று நான் சொல்வேன் எனக் காத்திருந்தார். 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். இனிமையாகத் தேநீர் அருந்தி வீடு திரும்பியிருப்போம்.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் வழியையே செய்யச் சொன்னேன். ரைஃபிளைத் தாங்குகாலிலிருந்து எடுத்து, மணற்பைகளின்மேல் பக்கவாட்டில் படுக்கவைத்தோம். இப்போது நெடுக்கைக் கம்பி கிடையாகவும், கிடைக்கம்பி நெடுக்கையாகவும் நிற்கும். தொய்வு கண்ணாடியில் இருந்தால் அது கம்பியோடு சேர்ந்து திரும்பிவிட வேண்டும். அவர் வலக்கண்ணை வைத்துப் பார்த்தார். புதிதாகக் கிடையாக வந்த கம்பியும் மையத்துக்கு இடப்பக்கம் அதே இடத்தில் தொய்ந்தது. "இடக்கண்ணால் பாருங்கள்" என்றேன். பார்த்தார். எழவில்லை, அப்படியே கிடந்தார். இலக்குக் குழியில் எவரோ அட்டையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாயிலிருந்தவர் சுட்டார், ஒன்றரை விநாடி, மேலும் ஒரு கணம், இலக்கு கீழே இறங்கியது.

"இடக்கண்ணுக்கு நேராகத்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு பாயில் எழுந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். வலக்கண்ணின் விழித்திரை மையத்தில் தேய்வு தொடங்கியிருப்பதை இரண்டாண்டுகளுக்கு முன்பே மருத்துவர் கண்டிருக்கிறார். ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து கண் மருத்துவரின் பெயரால் வழங்கும் கட்டமிட்ட அட்டை ஒன்றைத் தந்து, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே அதை நாள்தோறும் பார்க்கவேண்டும், கோடுகள் வளைந்தால் அன்றே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தேய்விடத்தில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கியதன் அறிகுறி அவ்வளைவு. காலந்தாழ்த்தினால் மையப் பார்வை போய்விடும். அட்டை சமையலறைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய மனைவி உயிரோடிருந்தவரை, காலைத் தேநீருக்கு முன் அதைப் பார்க்கவைப்பார். அவர் இறந்தபின், அட்டை இழுப்பறைக்குள் போய்விட்டது. "எடுத்து உள்ளே வைத்தவன் நான்தான். அங்கே வளைந்தால் அது என் கண். இங்கே வளைந்தால் ஸ்கோப்பாக இருக்கலாமே என்று எண்ணினேன்" என்றார்.

அவரைத் தேற்ற எனக்கு எதுவும் தோன்றவில்லை. ரைஃபிளைப் பெட்டியில் வைக்க உதவினேன். திரும்பும் வழியில் காரை நான் ஓட்ட இயலாது. அந்நாட்டு உரிமம் என்னிடம் இல்லை. என் மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மாமா, அவரை ஓட்டவேண்டாம் என்று சொல்லுங்கள், நான் வருகிறேன்" என்று வந்து இருவரையும் அழைத்துப்போனார். மறுநாள் காலை கண் மருத்துவமனையில் அவருக்கு அவசரப் பிரிவில் இடம் கிடைத்தது. அவ்வாரமே விழிக்குள் முதல் ஊசி போட்டார்கள். விழிக்குள் ஊசி என்று கேட்கவே நமக்கு நடுங்குகிறது. அவருக்கோ அதைவிட, மாதந்தோறும் வாகனம் தேடிப் போகவேண்டியதே பெரும் தொல்லையாக இருந்தது. கசிவு நின்றது. வளைந்த கோடு முற்றும் நிமிரவில்லை. வாசகம் வாசிக்கும் அளவுக்குப் பார்வை நிலைத்தது.

ஸ்கோப்பை அவர் திருப்பித் தரவில்லை. பிழையில்லாத பொருளை எப்படித் திருப்புவது என்று கேட்டார்.

நான் ஊர் திரும்பியபின் அவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. இடத்தோளில் ரைஃபிளைச் சாய்த்து இடக்கண்ணால் சுடப் பழகிக்கொண்டிருப்பதாக எழுதினார். எழுபத்தைந்து வயதில் கைமாற்றிப் பழகுவது, கையெழுத்தை மாற்றிப் பழகுவதற்கு ஒப்பானது. விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் பென்யமின் குலத்து எழுநூறு இடக்கையர்களைப் பற்றி அவருக்கு எழுதினேன். அவர்கள் கவண்கல்லை ஒரு மயிரிழைமீது எறிந்தாலும் குறி தவறாதவர்கள். அவ்விடத்தில் 'தவறுதல்' என்பதற்கு வரும் எபிரேய வினைச்சொல்லே விவிலியத்தின் பிறவிடங்களில் 'பாவம் செய்தல்' என்ற பொருளில் வழங்குகிறது. புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் குறிதவறுதல் என்பதே மூலப்பொருள். அவர் வாசகர், இதை விரும்புவார் என்று இரண்டு பக்கம் எழுதினேன்.

பதில் வந்தது. எபிரேயத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 600 கெசத்தில் சுட்டாராம். காற்று வலப்பக்கமிருந்து சீராக வீசிற்றாம். உருப்பெருக்கத்தை 25-க்கு மேல் ஏற்றவில்லையாம். அட்டை மறுபடியும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கிறதாம். இப்போது அதைப் பார்க்கச் சொல்லி நாள்தோறும் காலையில் தொலைபேசியில் அழைக்கிறவள் என் மகள் என்றும், அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்.